அகதி முகாமில் மனத்துயர் ஆற்றும் இளைஞர்

2024ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்காற் கடற்பரப்பில் ஒரு படகு வந்து சேர்ந்தது. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த அப்படகில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுட் பலர் குழந்தைகள். படகைக் கண்ட மீனவர்கள் செய்தி தெரிவித்தார்கள். கரையிலிருந்தோர் உணவும் நீரும் கொடுத்து உதவினார்கள். பின்னர் கடற்படையினர் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்றார்கள். வந்தவர்கள் மியன்மார் நாட்டு றோஹிங்கியா மக்கள். அவர்கள் பேசிய மொழி இங்குள்ளோர்க்கு விளங்கவில்லை. ஆயினும் பசியையும் தாகத்தையும் அறிந்துகொள்ள மொழி வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்த மாத்திரத்தே அவை விளங்கிவிடும். அம்முகத்தின் பின்னால், உள்ளத்திற் கிடக்கும் துயரத்தை அறிவதற்கு வழி யாது? அதனைக் கேட்டறிய ஒருவர் வேண்டும். கேட்பவருக்கு அம்மொழி தெரிந்திருக்க வேண்டும். சொல்பவருக்கு அவரிடத்தில் நம்பிக்கை பிறக்கவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்ற வினாவுக்கு, அதே மக்கள் பெருந்தொகையாக வாழும் பங்களாதேஷ் நாட்டு முகாம்களில் ஒரு விடை காணப்பட்டிருக்கிறது. அகதிகளாய் வந்த மக்களுள்ளே, அகதிகளாகவே வாழும் இளைஞரும் யுவதியரும் தம்மவரின் மனத்துயரை ஆற்றும் பணியிலே பழக்கப்பட்டு வருகின்றனர் என்பதே அவ்விடை.

றோஹிங்கியா மக்கள் மியன்மாரின் மேற்குக் கரையிலுள்ள றாக்கைன் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். முற்காலத்தில் அரக்கான் என வழங்கியது அந்நிலப்பரப்பு. இஸ்லாமியரான இம்மக்களிற் பெரும்பாலோரை, 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1978ஆம் ஆண்டிலும், மீண்டும் 1991, 1992ஆம் ஆண்டுகளிலும் அவர்கள் பெருந்தொகையினராய் எல்லை கடந்து ஓடினர். 2017ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25ஆந் திகதிக்குப் பின் நிகழ்ந்த வன்முறையின்போது, சில மாதங்களுக்குள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷினுட் புகுந்தனர். கொக்ஸ் பஜார் மாவட்டத்தில் உக்கியா, தெக்னாப் என்னும் பகுதிகளில், குன்றுகளின் சரிவுகளிலே மூங்கிலும் பிளாஸ்டிக் விரிப்பும் கொண்டு கட்டிய குடில்களில் அவர்கள் தங்கினர். முன்னர் வந்தோரும் பின்னர் வந்தோருமாக அங்கு வாழ்வோர் தொகை பத்து இலட்சத்தையும் எட்டியது. குட்டுப்பாலோங் முகாம் உலகிலேயே மிகப் பெரிய அகதி முகாம் என்று பேசப்படலாயிற்று.

இத்தகைய மக்களின் மனநிலை எவ்வாறிருக்கும்? போரும் வன்முறையும் சூழ்ந்த நாடுகளில் வாழ்வோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், மனச்சோர்வு, பெருங்கவலை, கொடிய நிகழ்ச்சிகளின் நினைவால் எழும் மனவடு முதலிய நோய்களுள் ஏதோவொன்றை உடையவராயிருக்கின்றனர் என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு ஒன்று 2019ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இக்கணக்கை நோக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். ஐந்தில் ஒருவர் நோயுற்றவர் என்றால், எஞ்சிய நால்வர் துயரமற்றவர் என்பது பொருளாகாது. மகனை இழந்த தாய் அழுவது நோயன்று. எரிந்த வீட்டை நினைத்து ஒருவர் உறக்கமின்றி இருப்பதும் நோயன்று. அவை மனித இயல்பு. அத்துயரம் மாதக்கணக்கில் நீடித்து, உண்ணவும் உறங்கவும் குழந்தையைத் தூக்கவும் மனமில்லாதபடி ஒருவரை முடக்கிவிடும்போதே அது சிகிச்சைக்குரியதாகின்றது. இவ்வேறுபாட்டை அறிவது மனநலப் பணியின் முதற்பாடம்.

மேலும், முகாமிலுள்ளோரின் துயரம் கடந்த காலத்தை மாத்திரம் பற்றியதன்று. கண்ட கொடுமைகளின் நினைவு ஒருபுறமிருக்க, அன்றாட வாழ்வின் நெருக்கடி மறுபுறம் அழுத்துகின்றது. அகதிகள் சுதந்திரமாக வெளியிற் சென்று தொழில் புரிய அங்கு அனுமதியில்லை. பிள்ளைகளுக்கு முறையான பாடசாலைக் கல்வி நெடுங்காலம் கிடைக்கவில்லை. மியன்மார் நாட்டுப் பாடத்திட்டத்தின்படி கற்பிக்கும் முயற்சி 2021ஆம் ஆண்டின் முடிவிலேதான் சிறிய அளவிற் தொடங்கியது. மழைக்காலத்திற் குன்று சரிகின்றது, கோடைக்காலத்திற் தீப்பற்றுகின்றது. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூண்ட தீயினால் ஏறத்தாழ 45,000 பேர் மீண்டும் வீடிழந்தனர். எப்பொழுது ஊர் திரும்புவோம் என்ற கேள்விக்கு எவரிடமும் மறுமொழி இல்லை. இந்நிலையில், பதினேழு பதினெட்டு வயது இளைஞன் ஒருவனுக்குக் காலையில் எழுவதற்கே காரணம் இல்லாமற் போய்விடுகின்றது.

இத்துணை பெரிய துயரத்துக்கு வைத்தியர்களை அனுப்பினாற் போதாதா என்று கேட்கலாம். அனுப்புவதற்கு வைத்தியர் இல்லை என்பதே மறுமொழி. 16 கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட பங்களாதேஷில், 2020ஆம் ஆண்டளவில் இருந்த மனநோய் வைத்திய நிபுணர் ஏறத்தாழ 260 பேர் மாத்திரமே. வைத்தியர் கிடைத்தாலும் மொழி குறுக்கே நிற்கின்றது. றோஹிங்கியா மொழி சிட்டகொங் மாவட்டத்துப் பேச்சுவழக்கை ஒத்ததாயினும், டாக்காவிலே கற்ற வைத்தியருக்கு அது எளிதில் விளங்குவதில்லை. அன்றியும், மனத்துயரை ஒவ்வொரு சமூகமும் தன் சொல்லாலேயே சொல்லுகின்றது. 'எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கின்றது' என்று றோஹிங்கியாக் கிழவி ஒருத்தி கூறப்போவதில்லை. 'சிந்தா' பிடித்திருக்கின்றது என்றோ, 'ஒசாந்தி'யாய் இருக்கின்றது என்றோ கூறுவாள். முதலாவது ஓயாத கவலையையும், இரண்டாவது அமைதியின்மையையும் குறிப்பவை. நம்முடைய சிந்தை, சாந்தி என்னும் சொற்களுக்கு இவை உறவு என்பதைத் தமிழர் எளிதில் உணர்வர். சில வேளைகளில் அத்துயரம் சொல்லாகவும் வராது. உடம்பெல்லாம் எரிகின்றது, தலை சுற்றுகின்றது, நெஞ்சு அடைக்கின்றது என்றே வெளிப்படும். இச்சொற்களின் உட்பொருளை அறிந்தவர் அம்மொழியிற் பிறந்தவரே.

2007ஆம் ஆண்டில், நிவாரணப் பணியில் ஈடுபட்ட ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் பிற ஸ்தாபனங்களும் ஒன்றுகூடி, அவசர காலங்களில் மனநலம் பேணுதற்குரிய நெறிமுறைகளை வெளியிட்டன. அந்நெறிமுறை உதவியை நான்கு படிகளையுடைய ஒரு கோபுரமாக உருவகித்தது. அகன்ற அடித்தளம் உணவு, உறையுள், பாதுகாப்பு என்பவை. இவை மதிப்போடு வழங்கப்பட்டாலே பலரின் மனம் தெளிவடையும். இரண்டாம் படி குடும்பமும் அயலும் மீண்டும் ஒன்றுகூடித் தம்மைத் தாமே தாங்குதல். மூன்றாம் படி, சற்றே கூடுதலான உதவி வேண்டுவோருக்குப் பயிற்சி பெற்ற சாதாரண பணியாளர் அளிக்கும் ஆதரவு. உச்சியில் உள்ள சிறு படியே வைத்திய நிபுணருக்குரியது. ஆகவே, நிபுணர் இல்லை என்பதற்காகக் கோபுரம் முழுவதையும் கைவிட வேண்டுவதில்லை. நடுவிலுள்ள இரண்டு படிகளையும் மக்களே கட்டிக்கொள்ளலாம். முகாம்களில் உள்ள இளந்தொண்டர்களின் இடம் அதுவே.

இத்தொண்டர்கள் முகாமிலிருந்தே தெரிந்தெடுக்கப்படுகின்றனர். ஆடவரோடு பெண்டிரும் உளர். பெண்களின் துயரைப் பெண்களே கேட்க வேண்டும் என்பது அச்சமூகத்தின் வழக்கமாதலின், யுவதியரின் பணி இன்றியமையாதது. சிறிது காலப் பயிற்சியின் பின்னர், அவர்கள் வீடு வீடாகச் செல்லுகின்றனர். சிறு குழுக்களைக் கூட்டி உரையாடுகின்றனர். சிறுவருக்கு விளையாட்டும் சித்திரமும் நடத்துகின்றனர். மூச்சை மெதுவாக இழுத்து விடும் எளிய பயிற்சியைக் கற்பிக்கின்றனர். தொழில் புரியும் உரிமை இல்லாமையால், அவர்கள் பெறுவது சம்பளமன்று, சிறு ஊக்கத்தொகையே. 2020ஆம் ஆண்டிற் கொவிட் நோய் பரவியபோது, வெளியிலிருந்து வரும் பணியாளரின் வருகை பெரிதும் குறைக்கப்பட்டது. அப்பொழுது முகாமினுள்ளேயே இருந்த இத்தொண்டர்கள்தாம் நோய் பற்றிய செய்தியையும் ஆறுதலையும் மக்களிடம் எடுத்துச் சென்றனர்.

அவர்கள் கற்கும் பாடங்களுள் முதன்மையானது 'உளவியல் முதலுதவி' எனப்படும். கை ஒடிந்தவனுக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமுன் கட்டுப்போடுவதுபோல, மனமுடைந்தவனுக்குச் செய்யும் முதலுதவி இது. உலகச் சுகாதார ஸ்தாபனமும் வேறு இரு ஸ்தாபனங்களும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல் இதனை மூன்று சொற்களில் அடக்கியது: பார், கேள், இணை. யாருக்கு உடனடி உதவி வேண்டும், எங்கே ஆபத்து உளது என்று பார்ப்பது முதலாவது. அருகிலிருந்து, அவசரப்படுத்தாமல், அவர் சொல்ல விரும்புவதைக் கேட்பது இரண்டாவது. தேவையான உதவி கிடைக்குமிடத்தோடும் உற்றாரோடும் அவரை இணைத்துவிடுவது மூன்றாவது. இம்மூன்றையும் படிக்கும்போது, இதிற் புதுமை என்ன, நம் பாட்டிமார் செய்தது இதுவேயன்றோ என்று தோன்றக்கூடும். உண்மைதான், ஆயினும் செய்யத்தகாதவை எவையென்று பயில்வதிலேயே பெரும்பகுதி அடங்கியிருக்கின்றது. நடந்ததையெல்லாம் சொல்லும்படி ஒருவரை வற்புறுத்தலாகாது. அவ்வாறு ஒரே அமர்விற் கொடிய நினைவுகளையெல்லாம் கிளறச் செய்வது நன்மை பயவாது என்பது ஆராய்ச்சியாற் கண்ட முடிபு. 'உமக்கேனும் ஒரு பிள்ளை எஞ்சியிருக்கின்றதே' என்று இழப்பை அளந்து தேற்றலாகாது. நிறைவேற்ற இயலாத வாக்குறுதி கொடுத்தலாகாது. கேட்டதை இன்னொரு குடிலிற் சென்று சொல்லலாகாது. இவற்றைக் கைக்கொள்வது எளிதெனத் தோன்றினும், பழக்கத்திற் கடினமானது.

தொண்டர் தாமே வைத்தியராகிவிட முயல்வதுமில்லை. காதிலே குரல்கள் ஒலிக்கின்றன என்று கூறி வெளியே ஓடுபவர், வலிப்பு நோயுற்றவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையவர் ஆகியோரை இனங்கண்டு, முகாமிலுள்ள சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்வது அவர்களின் கடமை. இங்கு சமயநம்பிக்கையும் வந்து சேருகின்றது. இத்தகைய நோய்களை 'ஜின்' பிடித்ததென்று எண்ணி மௌலவியிடம் ஓதுவிப்பது றோஹிங்கியா மக்களிடையே உள்ள வழக்கம். வெளியிலிருந்து வந்த ஒருவர் இதனை மூடநம்பிக்கையென்று எள்ளினால், குடும்பத்தார் நோயாளியை உள்ளே மறைத்துவிடுவர். அச்சமூகத்து இளைஞனோ, 'ஓதுவித்தல் நடக்கட்டும். அத்துடன் மருந்தும் கொடுத்துப் பார்ப்போம்' என்று இணக்கமாகச் சொல்ல வல்லவன். மௌலவியையே அணுகி, இன்ன அறிகுறி கண்டால் வைத்தியசாலைக்கு அனுப்பும்படி கேட்கவும் அவனால் இயலும்.

நோயைத் தீர்ப்பது ஒருபுறமிருக்க, நோய் அணுகாமற் காக்கும் பணியும் உண்டு. முகாமில் இளைஞர் குழுக்கள் கூடித் 'தரானா' எனப்படும் பாடல்களைப் பாடுகின்றன. பிறந்த ஊரையும் பிரிந்த துயரையும் பொருளாகக் கொண்டவை அவை. சர்வதேசக் குடிபெயர்வு ஸ்தாபனத்தின் ஆதரவில் அமைந்த றோஹிங்கியாப் பண்பாட்டு நினைவு நிலையத்திலே, மரத்தாற் படகுகளையும் வீடுகளையும் சிறு உருவங்களாகச் செய்கின்றனர். பெண்கள் துணியிற் பூவேலை செய்கின்றனர். பெரியோர் நினைவிலிருந்து சொல்ல, இளையோர் கற்றுக்கொள்கின்றனர். நாடற்றவர் என்று சட்டம் கூறிய ஒருவருக்கு, நான் இன்ன ஊரான், இன்ன மரபினன் என்று சொல்ல முடிவதே மனத்துக்கு ஒரு தூண். முகாமிலே பிறந்து, ஊரைக் கண்ணாற் காணாத குழந்தைகளுக்கு அது மேலும் அவசியம்.

இவையெல்லாம் நல்லெண்ணத்தின் விளைவேயன்றி, உண்மையிற் பயன் தருகின்றனவா என்ற ஐயம் நியாயமானது. இதற்கு விடை ஆபிரிக்காவிலிருந்து கிடைத்திருக்கின்றது. உகண்டா நாட்டின் தென்மேற்கே நக்கிவாலே என்னும் பழைய அகதிக் குடியிருப்பு உளது. அங்கே றுவாண்டா, சோமாலியா நாட்டு அகதிகளுக்கு, அகதிகளுள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டு ஆறு வாரம் பயிற்றப்பட்டவர்கள் மனவடுவுக்குச் சிகிச்சை அளித்தனர். 277 பேர் பங்குகொண்ட அவ்வாராய்ச்சியின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உதவி பெற்றோரிற் பத்துக்கு ஏறத்தாழ எழுவர், ஒன்பது மாதங்களின் பின் மனவடு நோயின் இலக்கணத்துக்கு உட்படாதவராயினர். உதவி பெறாது கண்காணிக்கப்பட்டோரிற் பத்துக்கு நால்வருக்கும் குறைவானவரே அவ்வாறு தெளிவடைந்தனர். சிகிச்சை அளித்தவர் எவரும் வைத்தியக் கல்லூரியிற் கற்றவரல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே உகண்டாவின் வடபகுதியில், றைனோ முகாம் என்னும் குடியிருப்பில், தென் சூடான் நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ 700 பேரிடையே மற்றுமொரு முயற்சி சோதிக்கப்பட்டு, அதன் பயன் 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இருபது முப்பது பெண்கள் ஒன்றாக அமர்ந்து, தம் மொழியிற் பதிவுசெய்யப்பட்ட ஒலியுரையைக் கேட்பர். எழுத்தறியாதவருக்கும் விளங்கும் படப்புத்தகம் ஒன்று கையிலிருக்கும். சிறு பயிற்சி பெற்ற பெண்கள் அமர்வை நடத்துவர். இவ்வாறு ஐந்து அமர்வுகள். மூன்று மாதங்களின் பின் பார்த்தபோது, பங்குகொண்டோரின் மனவேதனை, பங்குகொள்ளாதோரின் வேதனையினும் குறைந்திருந்தது. மொழியறிந்த ஒரு குரல் காதிற் படுவதற்கு எத்துணை ஆற்றல் உண்டென்பதை வானொலி கேட்போர் எளிதில் ஒப்புவர்.

எனினும், இப்பணியின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 'தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம்மவர் பழமொழி. அகதியின் துயரை அகதி அறிவான் என்பதற்கு அது சான்று. அதே வேளையில், துயர் தீர்க்க வந்தவனுக்கும் அந்தத் தலையிடி இருக்கின்றது என்பதையும் அது நினைவூட்டுகின்றது. தந்தையை இழந்த ஓர் இளைஞன், தந்தையை இழந்த மற்றொருவனின் கதையைக் கேட்கும்போது, அவனுடைய புண்ணும் மீண்டும் திறக்கின்றது. ஆதலால், தொண்டர்களை ஒரு பயிற்சியோடு விட்டுவிடாமல், அனுபவமிக்க ஒருவர் ஒழுங்காகச் சந்தித்து, அவர்கள் கேட்டவற்றையும் பட்டவற்றையும் கேட்டு வழிகாட்ட வேண்டும். இம்மேற்பார்வை இல்லாதவிடத்து இப்பணி நிலைபெறாது. இரகசியம் பேணுதலும் எளிதன்று. ஒரு குடிலிற் பேசுவது அடுத்த குடிலிற் கேட்கின்றது. வெளியே நடமாடும் யுவதிகள் ஊராரின் ஏச்சுக்கும் ஆளாகின்றனர்.

இவை எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. 2023ஆம் ஆண்டில், நிதி போதாமையால், முகாமிலுள்ள ஒருவருக்கு மாதமொன்றுக்கு 12 டொலர் பெறுமதியாயிருந்த உணவு உதவி முதலில் 10 டொலராகவும் பின்னர் 8 டொலராகவும் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அது உயர்த்தப்பட்டதாயினும், அம்மாதங்களிற் பசித்திருந்தோர் பசித்திருந்தோரே. பசித்த வயிற்றுக்கு மூச்சுப்பயிற்சி உணவாகாது. கோபுரத்தின் அடித்தளம் ஆட்டங்கண்டால் நடுப்படியில் நிற்கும் தொண்டன் என் செய்வான்? 'நீங்களே உங்களைத் தேற்றிக்கொள்ளுங்கள்' என்று கூறி உலகம் தன் கடமையிலிருந்து நழுவுவதற்கு இவ்விளைஞரின் தொண்டு ஒரு சாக்காக அமைந்துவிடலாகாது. அவர்களுக்கு வேண்டுவன உணவும் கல்வியும் பாதுகாப்பும், இறுதியாக உரிமையோடு திரும்பிச் செல்ல ஓர் ஊரும்.

இவ்வாறிருந்தும் அவர்கள் ஏன் இப்பணியை விடாது செய்கின்றனர்? முகாம் வாழ்வின் கொடுமைகளுள் ஒன்று, மனிதன் எப்பொழுதும் வாங்குபவனாகவே இருத்தல். அரிசிக்கு வரிசை, நீருக்கு வரிசை, மருந்துக்கு வரிசை என்று நாள் கழிகின்றது. அவ்வரிசையில் நின்ற இளைஞன், ஒரு கிழவியின் குடில்வாயிலில் அமர்ந்து அவள் கூறுவதைக் கேட்கும் பொழுது, கொடுப்பவனாகின்றான். அவன் நாளைக் காலை எழுவதற்கு அங்கே ஒரு காரணம் பிறக்கின்றது.

இலங்கையர்க்கு இஃது அந்நியமான செய்தியன்று. 1983ஆம் ஆண்டுக்குப் பின் கடல் கடந்து தமிழகத்து முகாம்களை அடைந்த அகதிகள், அடுத்த ஆண்டிலேயே தமக்கென ஒரு மறுவாழ்வுக் கழகத்தைத் தாமே அமைத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பு முதலிய காரியங்களைக் கவனித்தனர். யாழ்ப்பாணத்திலே பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியோரும், மனநல வைத்தியர் மிகச் சிலரேயிருந்த போர்க்காலத்தில், ஆசிரியரையும் கிராமப் பணியாளரையும் மனவடுவை இனங்காணப் பயிற்றினர். துன்பம் சூழ்ந்த காலத்தில் அயலவரே முதல் வைத்தியர் என்பதை இந்நாடு தன் அனுபவத்தாற் கற்றிருக்கின்றது.

முள்ளிவாய்க்காற் கடலில் அப்படகைக் கண்ட மீனவரும் அயலவர் போலவே நடந்துகொண்டனர். இடம்பெயர்ந்து அலைந்த மக்கள் வாழும் கரை அது. பசித்து வந்தவர்க்கு நீரும் உணவும் கொடுக்க அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு அடுத்த உதவியை, அருகே அமர்ந்து துயரைக் கேட்கும் உதவியை, கொக்ஸ் பஜாரின் மூங்கிற் குடில்களுக்கிடையே, அம்மக்களின் பிள்ளைகளே செய்து வருகின்றனர். அவர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் சோறும் தடையின்றிக் கிடைக்குமாறு செய்வது, அவர்களைக் காட்டிலும் நல்ல நிலையில் வாழும் உலகத்தாரின் பொறுப்பு.